எங்களைச் சொல்லிக்கொடுக்க விடுங்கள்: பெங்களூரு ஜிம், யோகா ஸ்டுடியோ உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். அல்சூர், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் யோகாவும் எடைப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஐந்தரை மணி பேட்ச்சில் தொடங்கிப் பத்து மணி வரை, பிறகு மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. இந்த ஊரில் இந்தத் தொழிலில் இருக்கிற பெரும்பாலானவர்களின் நாள் இப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் சமையல், தூக்கம், எங்கள் சொந்தப் பயிற்சி எல்லாம். கடந்த சில ஆண்டுகளில் அந்த நடு நேரத்துக்குள் இன்னொரு வேலையும் வந்து உட்கார்ந்துவிட்டது. தினம் ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி, மாதத்துக்கு இத்தனை டிரான்ஸ்ஃபர்மேஷன் படம், அதாவது மாணவர் உடல் முன்பு எப்படி, பின்பு எப்படி என்று காட்டுகிற படம். சில இடங்களில் வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள், சில இடங்களில் இன்சென்டிவோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போதே ஃபாலோயர் எத்தனை என்று கேட்கிற இடங்களும் உண்டு.

அதைப் பற்றித்தான் இந்த மடல். சமூக ஊடகத்தில் பதிவு போடுவதை ஆசிரியரின் தினக் கடமையாக ஆக்காதீர்கள். எங்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கும்போது, நாங்கள் வகுப்பில் பேசுகிற குரலில், வருடக்கணக்கில் எங்களால் தாங்க முடிகிற வேகத்தில் போட விடுங்கள். அதற்கு ஆகும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். மாணவர்களின் உடலை அதில் இழுக்காதீர்கள்.

நான் இன்ஸ்டாகிராமுக்கோ யூடியூபுக்கோ எதிரி இல்லை. 2020-இல் ஊரடங்கு வந்தபோது மார்ச்சில் மூடிய ஜிம்களையும் யோகா மையங்களையும் ஆகஸ்ட் 5-க்குப் பிறகுதான் திறக்க அனுமதி கிடைத்தது. அந்த மாதங்களில் எத்தனையோ ஆசிரியர்களுக்குச் சோறு போட்டது ஃபோன் கேமராவும் ஜூமும்தான். ஆளைக் கூட்டுவதற்காக உடலைக் காட்டுவதும் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. இதே பெங்களூரில் ஜிம் நடத்திய கே.வி. ஐயர் 1930-களிலேயே தன் உடற்கட்டுப் புகைப்படங்களால் பெயர் பெற்றவர். தபால் வழியாகவும் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார், ஊர் ஊராகப் போய்ச் சபைகளில் ஆசனம் செய்து காட்டியிருக்கிறார். பார்த்தவர்கள் வாய் பிளந்திருப்பார்கள். ஆனால் பிற்காலத்தில் சென்னையில் அவரிடம் கற்க வந்தவர்களுக்கு அந்த வித்தைகளை அவர் கொடுக்கவில்லை. வயது, நோய், உடல்வாகு பார்த்து ஆளுக்கு ஏற்றபடி பயிற்சி கொடுத்ததற்காகத்தான் இன்றைக்கும் அவரைப் பேசுகிறோம். செய்து காட்டிய நாள் வேறு, சொல்லிக்கொடுத்த நாள் வேறு. இன்று நீங்கள் எங்களிடம் கேட்பது இரண்டையும் ஒரே மணி நேரத்தில் செய்யச் சொல்வது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பேட்ச்சில் பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு விதமான தவறுகள் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும். ஸ்குவாட், அதாவது குந்தி எழும் பயிற்சி, செய்யும்போது ஒருவருக்கு முழங்கால் உள்பக்கம் சாயும். இன்னொருவர் முதுகை வளைத்து எடையை எடுப்பார். மூன்றாமவர் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவார். அவருக்கு பி.பி. இருந்தால் அப்படி அடக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதையெல்லாம் பார்க்க இரண்டு கண் போதாது என்கிற இடத்தில், ட்ரைபாடில் ஃபோன் சரியாக நிற்கிறதா, ஃபிரேமுக்குள் யார் வருகிறார்கள் என்று ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தால், மாணவர் கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது? கவனம்தான் நாங்கள் விற்கிற பொருள். அதைத்தான் இந்த ரீல் வேலை முதலில் தின்கிறது.

கேமரா வந்ததும் மாணவர்களும் மாறிவிடுகிறார்கள். சிவாஜிநகரிலிருந்தும் ஃப்ரேசர் டவுனிலிருந்தும் வருகிற பெண்கள் பலர் ‘பெண்கள் மட்டும்’ பேட்ச் என்று நம்பித்தான் வீட்டில் அனுமதி வாங்கி வருகிறார்கள். பிரசவம் முடிந்து ஆறு மாதத்தில் வருகிறவர்கள், அறுபதைத் தாண்டி மருத்துவர் சொல்லி வருகிறவர்கள், எடை அதிகம் என்று ஏற்கெனவே கூசிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அறையில் ஒரு ஃபோன் நிமிர்ந்து நின்றதும் இவர்கள் மூலைக்கு நகர்ந்துவிடுவார்கள். சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். ‘மேடம், இன்னைக்கு நான் ஓரமா செய்யறேன்’ என்பார்கள். புது அசைவைக் கற்றுக்கொள்கிறவர் தடுமாறத்தான் செய்வார். தடுமாறுவதற்கு யாரும் பார்க்காத இடம் வேண்டும். அதை நம்பித்தான் அவர்கள் உங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள்.

உறுப்பினர் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், உங்கள் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறீர்கள். போதாது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்துக்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. சுயமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல் கொடுத்ததாக அது இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், தினமும் முகம் பார்த்துப் பேசுகிறவரிடம் நேராகக் கேட்டுவிடுவதுதான் மரியாதை. அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

டிரான்ஸ்ஃபர்மேஷன் படங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எங்களுக்கு அழுத்தம் அதிகம். முன்பு, பின்பு என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற இரண்டு படங்களுக்கு நடுவில் என்னவெல்லாம் மாறுகிறது என்று இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். வெளிச்சம் மாறும், நிற்கிற விதம் மாறும், வயிற்றை விட்டிருப்பதும் உள்ளே இழுத்திருப்பதும் மாறும். பயிற்சி முடித்த கையோடு எடுத்தால் தசைகளில் ரத்தம் ஏறிப் புடைத்துத் தெரியும். இதெல்லாம் சேர்ந்ததை ‘எட்டு வாரப் பலன்’ என்று போடச் சொன்னால், அது பொய் என்று தெரிந்தே நாங்கள் போட வேண்டியிருக்கிறது.

உண்மையில் முதல் சில வாரங்களில் நடப்பது வேறு. ஒருவர் தூக்கும் எடை அப்போது கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தசை வளர்வதல்ல, இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்பு மண்டலம் பழகுவதுதான். கண்ணுக்குத் தெரிகிற அளவு தசை வளர மேலும் காலம் பிடிக்கும். ஆக, எங்கள் வேலையின் முதல் பலன்கள் கேமராவில் விழாதவை. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்க இனி பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதில்லை. மெட்ரோ படிகளில் நடுவில் நிற்காமல் ஏறிவிடலாம். பூஜையில் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழலாம். ராத்திரி முதுகு வலியில் விழிப்பு வருவதில்லை. இவற்றுக்காகத்தான் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் வருகிறார்கள். படத்தில் மாற்றம் தெரியவில்லை என்பதற்காக, தைராய்டு தொல்லை உள்ளவரும் பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவரும் ‘எனக்கு மட்டும் எதுவும் நடக்கவில்லை’ என்று மூன்றாவது மாதம் நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றவர்களைத் திரும்பக் கூட்டிவர நான் பாடுபட்டிருக்கிறேன், அது எளிதல்ல. வியாபாரக் கணக்கிலும் பாருங்கள். ரீல் பார்த்து ட்ரயல் கிளாஸுக்கு ஆள் வரலாம். ரினியூவல் பணம் கட்டுகிறவர் யாரைப் பார்த்துக் கட்டுகிறார் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிற குறைந்தபட்ச அளவைக்கூட இவர்கள் எட்டவில்லை. நாம் போய்ச் சேர வேண்டியவர்கள் இவர்கள்தான். தலைகீழாக நிற்கிறவரையும் வயிற்றில் ஆறு கட்டு தெரிகிறவரையும் ஃபோனில் தினம் பார்த்தால் இவர்களுக்கு என்ன தோன்றும்? அந்த இடம் நமக்கானதில்லை என்றுதான் தோன்றும். ஏற்கெனவே ஜிம்முக்குப் போகிறவர்களையே இந்த ஜிம்மிலிருந்து அந்த ஜிம்முக்கு இழுக்கத்தான் இப்போதைய ரீல்கள் உதவுகின்றன.

அதோடு ஆபத்தும் இருக்கிறது. நிறையப் பேர் பார்ப்பது கடினமான கடைசி நிலையைத்தான் என்பதால் ஆசிரியர்களும் அதையே போடுகிறார்கள். அதற்கு முன்னால் ஆறு மாதம் தோளையும் கழுத்தையும் தயார் செய்த கதை முப்பது விநாடிக்குள் அடங்காது. சிரசாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசனத்தின்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர் அதைச் செய்யவே கூடாது, பலருக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. வகுப்பில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தொடங்குவேன். ரீலைப் பார்த்து வீட்டுச் சுவரோரம் முயற்சி செய்கிறவரை யார் கேட்பார்கள்?

புரோட்டீன் பவுடர் விஷயம். கூப்பன் கோடு கொடுத்து, ‘நான் தினம் சாப்பிடுவது இதுதான்’ என்று பேசச் சொல்கிறார்கள். தசை வளர்ப்பதற்காகப் புரோட்டீன் சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் எழுதியிருக்கிறார்கள். யாருக்கு உண்மையிலேயே தேவைப்படும் என்பதில் வல்லுநர்களுக்குள் வாதம் இருக்கலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் பேசுவதில் வாதத்துக்கு இடமே இல்லை. விளம்பரம் என்றால் அதைத் தெளிவாகப் போட வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லேயே சொல்லிவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும், உடல்நலம் பற்றிப் பேசுகிறவர்களுக்கென்று தனியாக ஆகஸ்டிலும் விதிகளை வெளியிட்டது. சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் என்றால் பேசும்போதே அதை வெளிப்படுத்த வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். பரிந்துரை செய்தவர்மீதும் அது பாயும். அவர் ஓராண்டு வரை வேறு எந்தப் பொருளுக்கும் விளம்பரத்தில் வரக் கூடாது என்று தடை போடவும் முடியும். நீங்கள் கொடுக்கிற மாதச் சம்பளம் உங்களுக்குத் தெரியும். பவுடர் விற்ற லாபம் உங்களுக்கு, முகம் எங்களுடையது, பொறுப்பும் எங்கள் தலையில் என்றால் அது நியாயமா?

பெண் ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு பாரம். எந்த உடை போட்டால் வியூ வரும் என்று ஆலோசனை சொல்கிறார்கள். எந்தக் கோணத்தில் எடுக்கலாம் என்று சொல்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்திலும் இது நடந்தது, மறுத்ததும் மாலை பேட்ச் வேறொருவருக்குப் போனது. பதிவு வெளியானதும் வருகிற கமென்ட்டுகளையும் நள்ளிரவு மெசேஜ்களையும் ஒற்றை ஆளாகப் படிக்க வேண்டியது அந்த ஆசிரியைதான். பிளாக் செய்தால் ‘என்கேஜ்மென்ட் குறையும், விடுங்க’ என்று பதில் வருகிறது. தயவுசெய்து இந்தப் பேச்சை நிறுத்துங்கள். யாரைப் பிளாக் செய்வது, எந்த கமென்ட்டை நீக்குவது, என்ன உடுத்துவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர் மட்டுமே.

அப்புறம், தளம் நம் கையில் இல்லை என்பதையும் யோசியுங்கள். 2020 ஜூன் 29 இரவு டிக்டாக் உட்பட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. டிக்டாக்கில் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்துவைத்திருந்தவர்களுக்கு மறுநாள் அந்த ஆட்களைத் தொடர்புகொள்ள வழியே இல்லை. சில நாட்களிலேயே இந்தியாவில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, எல்லாரும் அங்கே ஓடினார்கள். நாளைக்கு இன்னொன்று வரும். மாணவர்களின் ஃபோன் நம்பர் ஒரு நோட்டில் இருந்த ஆசிரியர் எந்த மாற்றத்திலும் விழவில்லை. ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து ஆளை எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஜிகணியில் உள்ள எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் ஆண்டுக்கணக்கில் படித்து வந்தவர் பின்னால் நிற்க, எண்ணிக்கை உள்ளவர் முன்னால் போவது எந்த விதத்திலும் சரியில்லை.

சரி, எப்படிப் போடலாம்? எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்கிற வழி, வகுப்பில் வந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வது. ‘மாடிப்படி இறங்கும்போதுதான் முட்டி வலிக்குது, ஏன்?’ என்று ஒருவர் கேட்டால், அதே சந்தேகம் இன்னும் பத்துப் பேருக்கு இருக்கும். வாரத்துக்கு அப்படி ஒன்று போதும், சில வாரங்களில் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆசிரியர் தானே செய்து காட்டுவார், மாணவர் முகம் வேண்டாம். யார் இதைச் செய்யக் கூடாது என்பதைக் கடைசியில் அவசரமாகச் சொல்லாமல் முதலிலேயே சொல்ல வேண்டும். ஃபில்டர் வேண்டாம், டிரெண்டிங் பாட்டும் வேண்டாம். தடுமாறி இரண்டாம் முறை சரியாகச் செய்ததை வெட்டாமல் அப்படியே விட்டால், பார்க்கிறவருக்குத் தைரியம் வரும். பழைய வீடியோவில் சொன்னது இன்றைக்குத் தெரிந்ததோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை எடுத்துவிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் மெசேஜுக்குப் பதில் கிடையாது என்று புரொஃபைலிலேயே எழுதிவைத்துவிட வேண்டும். காலை நாலரைக்கு எழுகிறவருக்கு நடுராத்திரி வரை எடிட்டிங் என்றால், மறுநாள் கனமான எடைக்கு அடியில் படுத்திருக்கிற மாணவரை அவர் எப்படிக் காப்பார்?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மார்க்கெட்டிங் ஆள் தருகிற ஸ்கிரிப்ட் எப்போதும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. என் வகுப்பில் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து ஓடும், இந்த ஊர் அப்படிப்பட்டது. ஒயிட்ஃபீல்டில் ஆங்கில ரீல் போதுமானதாக இருக்கலாம். மர்ஃபி டவுனிலும் ஸ்ரீராம்புரத்திலும் இருக்கிற ஆன்ட்டிகளுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சியை நிதானமாகத் தமிழில் சொன்னால் அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வேலூரில் இருக்கிற தங்கைக்கும் கோலார் தங்கவயலில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்கும் போய்ச் சேரும். லைக் எண்ணிக்கையில் அது தெரியாது. ஆனால் அடுத்த மாதம், ‘அக்கா சொன்னாங்க, அதான் வந்தேன்’ என்று ஒருவர் வந்து நிற்பார். ஆசிரியர் எந்த மொழியில் சொல்லிக்கொடுக்கிறாரோ அந்த மொழியில் பேச விடுங்கள். எல்லாரையும் ஒரே மாதிரி பேசவைத்தால் யாரையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

விளம்பரம் உங்களுக்குத் தேவை என்பது எனக்குப் புரிகிறது. இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் கொடுக்கிற வாடகைக்கு ஆள் வந்தே ஆக வேண்டும். அப்படியானால் அதற்கென்று ஒருவரை வைத்து, சம்பளம் கொடுத்து, ஜிம்மின் பெயரில் நடத்துங்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் வந்து பேசச் சொன்னால் நாங்கள் சந்தோஷமாக வருவோம், அந்த மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்றால்.

அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சில விஷயங்களை எழுத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியரின் சொந்தக் கணக்கு அவருடையதே, வேலையை விட்டுப் போனாலும் அதில் இருப்பதை நீக்கச் சொல்ல ஜிம்முக்கு உரிமை இல்லை. பதிவு எண்ணிக்கைக்கும் சம்பளத்துக்கும் இன்சென்டிவுக்கும் தொடர்பு கிடையாது. வகுப்பு நடக்கும்போது படம் பிடிப்பதில்லை. மாணவர் படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், அவர் பிறகு வேண்டாம் என்றால் அன்றே நீக்க வேண்டும். எந்தப் பொருளையும் பரிந்துரைக்க மறுக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு, மறுத்ததற்காக பேட்ச் குறையாது. இதை உங்களில் யாராவது ஒருவர் முதலில் செய்தால், அந்த ஒப்பந்தத்தை எங்கள் வட்டாரத்துப் பயிற்சியாளர்கள் குழுவில் நானே பகிர்கிறேன், நல்ல ஆசிரியர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பேசிப் பார்க்கலாம் என்று தோன்றினால் கூப்பிடுங்கள். பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் எந்த நாளானாலும் நாங்கள் சிலர் சேர்ந்து வருகிறோம்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு யோகா, உடற்பயிற்சி ஆசிரியை